எம்.டி. நிற்க, நாங்கள் உட்கார்ந்து எடுத்த படம்

ஹைதராபாத் கச்சிபௌலியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் உச்சியில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் வளாகமே அங்கே கூடிவிடுகிறது. எல்லோர் கையிலும் போன். எல்லோரும் அதே சூரியனை அதே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் வைத்து எடுக்கிறார்கள். சமீபத்தில் அதற்கொரு போட்டி வைத்து, பழைய போட்டோகிராபர் என்பதற்காக என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். வந்த படங்கள் அத்தனையிலும் வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்படியொரு வானத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பரிசு கேட்டு வந்த ஐ.டி. இளைஞர் ஒருவரிடம், "ஸ்டாண்டு வச்சு எடுத்தீங்களா, கையில பிடிச்சா?" என்று கேட்டேன். "கை ஆடினாலும் பரவால்ல அங்கிள், போனே பாத்துக்கும்" என்றார். மார்க் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

இந்த எரிச்சல் ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. பாலாநகரில் நான் வேலை பார்த்த பொதுத்துறைத் தொழிற்சாலையின் ஓய்வுபெற்றோர் சங்கம் ஒரு மலர் போடுகிறது. அதைத் தொகுப்பவர் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். போனில் கூப்பிட்டு, "சார், எம்.டி.யையே நிக்க வச்சுப் படம் எடுத்தீங்களே, அந்தக் கதையை எழுதிக் கொடுங்க" என்றார். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பென்ஷன் வரிசையில் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறார்கள். நான் யாரையும் நிற்க வைக்கவில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, யார் காதிலும் ஏறவில்லை. எழுத்தில் போட்டால் ஏறுமா பார்ப்போம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் பிட்டர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டில் வட ஆற்காட்டுத் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டை போடுவதற்குத் தக்கனி இந்தி. பள்ளி முடித்ததும் செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் கேமராவும் டச்சிங்கும் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களின் படத்தில் முகத்திலிருந்து அம்மைத் தழும்பை எடுப்பதுதான் என் கல்லூரிப் படிப்பு. சர்க்கார் சம்பளம்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் பாலாநகரில் சேர்ந்தேன். கேமரா தெரிந்தவனை அவர்கள் முலாம் பூசும் ஷாப்பில் போட்டார்கள்.

அந்த ஷாப்பில் அமிலத் தொட்டிகளுக்கு நடுவில்தான் வேலை. ஆவி கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். சில வருஷங்களில் படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னாங்க வேலை இது, வேணாம் வுட்டுடுங்க" என்று அழுவாள். கடைசியில் கம்பெனி டாக்டர், இவரை இனிமேல் அந்த ஷாப் பக்கமே விடக்கூடாது, விட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் நான் கேமரா பிடிப்பேன் என்பது யாருக்கோ ஞாபகம் வந்து, போட்டோ செக்ஷனுக்கு மாற்றினார்கள்.

போட்டோ செக்ஷன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் இருட்டறை, துருத்தி வைத்த ஒரு பெரிய கேமரா, நான். உடைந்த உதிரிபாகத்தைப் படம் எடுப்பது, பிரிவு உபசார விழாவை எடுப்பது, விருந்தாளியோடு எம்.டி. கை குலுக்குவதை எடுப்பது. கை குலுக்கும் படத்தில் எம்.டி.யின் முகம் தெளிவாக இருக்க வேண்டும். விருந்தாளிக்குத் தலையே இல்லாவிட்டாலும் கேட்க ஆளில்லை. எனக்கு அதிலெல்லாம் குறையில்லை, மூச்சு சீராக வந்தது.

என் மேலதிகாரி ஆறுமுகம் சார், மக்கள் தொடர்பு அதிகாரி, பாளையங்கோட்டைக்காரர். இத்தனை வருஷம் டெக்கானில் இருந்தும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. அவரிடம் எதையாவது எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் 'வந்து பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். போய்ப் பேசினால் காபியை ஆற்றிக்கொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான்வே, எழுதிக் குடும்" என்பார். எழுதிக் கொடுத்தால் மறுபடி 'வந்து பேசவும்'. கேமராவை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி வாங்குவதற்கு நான் இப்படி எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. முடியும் என்றும் சொல்ல மாட்டார், முடியாது என்றும் சொல்ல மாட்டார்.

மேலே இருப்பவர்களிடம் அவருக்கு இருந்த பயம் தொழிற்சாலை முழுக்கப் பிரசித்தம். எம்.டி. போனில் கூப்பிட்டால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். பேசி முடித்து ரிசீவரை வைத்த பிறகும் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் யூனிட்டுக்குப் புதிதாக ஒரு நிதி மேலாளர் வந்தார். ராவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் அவர் கண்ணில் பட்டது என் இருட்டறை. வெளியே இத்தனை ஸ்டுடியோ இருக்கும்போது நமக்கு எதற்கு ஒரு செக்ஷன், அந்த ஆளை எந்த ஷாப்பிலிருந்து எடுத்தீர்களோ அங்கேயே திருப்பிப் போடுங்கள் என்றார். ராவுக்கு என் பெயர்கூடத் தெரியாது. எனக்கு அது தொட்டிகளுக்கு நடுவே திரும்பிப் போகும் விஷயம். டாக்டர் எழுதியதையும் சேர்த்து ஆறுமுகம் சாருக்கு மனு எழுதினேன். ஓரத்தில் 'வந்து பேசவும்' என்று எழுதி வந்தது. போய்ப் பேசினேன்.

"பாப்போம்வே" என்றார்.

"நீங்க பாத்துட்டு இருக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன் சார்."

"அட, அப்படியெல்லாம் பேசாதீரும். காபி குடிக்கீரா?"

இந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் வெள்ளி விழா வந்தது. விழாக் காலண்டருக்கு அட்டைப்படம் வேண்டும். எம்.டி. ஒரு கூட்டத்தில் தன் ஆசையைச் சொன்னார்: ஹைதராபாத் நகரம் முழுக்கத் தெரிய வேண்டும், அதன் பின்னால் சூரியன் மறையும் சிவந்த வானம் வேண்டும், நகரத்து விளக்குகளெல்லாம் எரிய வேண்டும், அவற்றுக்கு நடுவில் ஹுசேன் சாகர் ஏரியின் அக்கரையில் இருக்கும் நம் விருந்தினர் விடுதியின் நியான் பெயர்ப்பலகையும் எரிய வேண்டும். ராவ் உடனே, செக்ஷன் அவசியமா இல்லையா என்பதை இந்தப் படத்தை வைத்தே முடிவு செய்யலாம் என்று சேர்த்துக்கொண்டார். எம்.டி. தலையாட்டிவிட்டார்.

"முடியுமாவே?" என்று ஆறுமுகம் சார் கேட்டார்.

"வானம் செவப்பா இருக்கிறப்ப தெரு விளக்கு எரியாது சார். நியானை அப்பவே போட்டாலும் அந்த வெளிச்சத்துல வெளிறிப்போயிடும். எல்லா விளக்கும் எரியறப்ப வானம் கறுப்பாயிடும்."

"எம்.டி. கேட்டுட்டாரேவே."

எம்.டி. கேட்டுவிட்டால் சூரியனும் மாநகராட்சியும் கலந்து பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரே பிலிமில் இரண்டு முறை ஒளி கொடுப்பது. சூரியன் இறங்கியதும் வானத்துக்கு மட்டும் போதுமான அளவு குறைவாக ஒரு முறை. அப்போது வானம் பதிந்துவிடும், கட்டடங்களும் கரையும் கறுப்பாக நின்றுவிடும். கறுப்பு என்றால் பிலிமில் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். லென்ஸை மூடிவிட்டு, முழுக்க இருட்டி விளக்குகள் எரியும் வரை காத்திருந்து, அதே பிலிமில் இரண்டாம் முறை திறந்தால், விளக்குகள் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. அசைந்தால் விளக்குகள் கட்டடத்தை விட்டு நகர்ந்து ஏரித் தண்ணீரில் மிதக்கும்.

இடம் பார்ப்பதில் ராவ் மூக்கை நுழைத்தார். ஊரிலேயே உயரமான இடம் கோல்கொண்டா கோட்டைதானே என்றார். அங்கிருந்து பார்த்தால் ஊர் கிழக்கே இருக்கிறது, சூரியன் முதுகுக்குப் பின்னால் மறைகிறது. இதைச் சொன்னேன். "ராவ் சொல்லிட்டாரு, ஒரு தடவ போயிட்டு வந்துரும்" என்றார் ஆறுமுகம் சார். கேமராவைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறி, இரைத்து இரைத்து உச்சிக்குப் போய் முக்காலியை விரித்தேன். அதற்குள் கோட்டையை மூடும் நேரம் என்று காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"நக்கோ சாப், சூரஜ் டூப் கயா. கேட் பந்த்."

"சூரியன் மறையறதை எடுக்கத்தான் வந்தேன். எதுக்கு பந்த்?"

"ஆர்டர் ஹை சாப்."

அவரிடம் கோபித்து என்ன பயன்? அவருக்கும் ஒரு ராவ் இருந்திருப்பார். இறங்கினேன்.

பிறகு நானே ஓர் இடம் கண்டுபிடித்தேன். டேங்க் பண்ட் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு பல மாடிக் கட்டடம். மேற்கே பார்த்தால் முழு ஏரியும், அக்கரையில் எங்கள் விடுதியும், ஒரு பக்கமாக நௌபத் பஹாட் மலையும் அதன் மேல் வெள்ளைக் கோயிலும், எல்லாவற்றுக்கும் பின்னால் இறங்கும் சூரியனும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் ஏறி ஊர் பார்ப்பதற்காகக் கட்டட முதலாளி மொட்டை மாடியில் ஒரு காட்சி மேடை போட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே இரும்புச் சட்டம், சட்டத்துக்கு மேலே தேக்குப் பலகை. லிஃப்டிலிருந்து வெளியே வரும் இடம் மட்டும் சிமெண்டுத் தரை. ஆனால் அங்கிருந்து ஏரி தெரியாது, சுவர் மறைக்கும். கேமராவைப் பலகை மேல்தான் வைத்தாக வேண்டும். அந்தப் பலகையில் ஒருவர் நடந்தாலும் கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் கோயில் குதிக்கும். நான் தனியாக இருந்தால் அசையாமல் நின்று எடுத்துவிடலாம்.

பிலிம் இன்னொரு தலைவலி. கலர் ஷீட் பிலிம் அப்போது வெளிநாட்டிலிருந்து அனுமதி வாங்கி வர வேண்டும், கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். கையிருப்பே சொற்பம். ஒளி அளவு பார்க்க சில தாள்கள் போயின. ஒரு மாலை எல்லாம் சரியாக அமைந்து, இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தபோது ஊர் முழுக்க மின்சாரம் போனது. கடைசியில் ஒரே ஒரு தாள் மிஞ்சியது. காலண்டர் அச்சுக்குப் போகும் நாளும் நெருங்கியது.

அந்தக் கடைசி மாலை கட்டடத்துக்குப் போனால், லிஃப்ட் அதிகாரிகளுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். எந்த அதிகாரிகள் என்று கேட்டேன், தெரியாது என்றார்கள். கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன். உச்சிக்குப் போய்ப் பார்த்தால் பலகை மேல் வரிசையாக நாற்காலிகள். நடுவில் மெத்தை போட்ட பெரிய நாற்காலி ஒன்று. லிஃப்ட் பக்கம் சிமெண்டில் குழாய் வைத்த டீ டிரம். ஆறுமுகம் சார் நாற்காலிகளை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"ஆபீசர்ஸ் எல்லாம் பாக்க வாராங்கவே. எம்.டி.யும் வாராரு."

"இந்தப் பலகைல ஒருத்தர் நடந்தாலே படம் போச்சு சார். எத்தனை தடவ சொன்னேன்!"

"எதுக்கு நடக்காங்க? உக்காந்துதான இருக்கப் போறாங்க."

தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டிலும் கேமரா. பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முதல் முறை திறப்பதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டாம் முறை மூடும் வரை எழுந்திருக்கவே கூடாது. ஆறுமுகம் சார் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "எது நடந்தாலும் எந்திரிக்கப்படாது" என்று சொன்னார். எல்லோரும் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள். ராவ் முன்வரிசையில், ஆறுமுகம் சார் பின்வரிசையில். நடுவில் இருந்த மெத்தை நாற்காலி காலி. எம்.டி.யைக் காணோம்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வானம் செம்பு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ராவ் ஆங்கிலத்தில், எம்.டி. வரட்டும் என்றார். நான் ஆறுமுகம் சாரைப் பார்த்தேன். அவர் லிஃப்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ராவைப் பார்த்தார். "எடும்வே" என்றார் மெல்ல.

மங்கல் கண்ணாடியில் மலையின் விளிம்பையும் கோயிலின் உச்சியையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். பிலிமைச் செருகி, அதை மறைக்கும் தகட்டை உருவி, லென்ஸைத் திறந்து மூடினேன். அப்படியொரு வானம் அதற்கு முன்னும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டு, இனி யாரும் அசையாதீர்கள் என்று கும்பிட்டேன். யாரும் அசையவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. எம்.டி. வந்தார்.

அத்தனை பேரும் ஒரே வீச்சில் எழுந்து நின்றார்கள். முதலில் எழுந்தவர் ஆறுமுகம் சார். பலகை முழுவதும் எம்பி அடங்கியது, முக்காலியின் கால் துள்ளி இறங்கிய சத்தம் என் காதில் விழுந்தது. எம்.டி. சிரித்துக்கொண்டே, "சிட், சிட்" என்றார். உடனே அத்தனை பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். மறுபடி ஒரு குலுக்கல். பிறகு அவர் இன்னும் நிற்கிறாரே என்று நினைத்து மறுபடி எழுந்தார்கள். சிலர் அவருக்கு வழிவிடப் பலகையில் நடந்தார்கள். எம்.டி. மெத்தை நாற்காலியை நோக்கிக் காலெடுத்து வைக்கப் போனார்.

"சார், வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று கத்திவிட்டேன், தமிழில். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் குரல் புரிந்துவிட்டது, சிமெண்டிலேயே நின்றுவிட்டார்.

பிலிமுக்குத் தகட்டைப் போட்டு வெளியே எடுத்துவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கோயில் என் பென்சில் குறியை விட்டு நன்றாகத் தள்ளி நின்றது. முக்காலியின் காலைப் பழைய தடத்தில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் சரியானது, மேல் கீழாகச் சரியாகவில்லை. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதல் முறை எடுத்தபோது இத்தனை பேரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் பாரத்துக்குப் பலகை வளைந்திருந்தது. அதே பாரம் அதே இடங்களில் வந்தால்தான் கேமரா அதே சாய்வுக்கு வரும். அப்போது மெத்தை நாற்காலி காலியாக இருந்தது.

துணியை விலக்கிவிட்டு ஆறுமுகம் சாரிடம் போனேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"சார், எல்லாரும் முன்ன உக்காந்த நாற்காலியிலயே போய் உக்காரணும். எம்.டி. மட்டும் பலகை மேல வரக் கூடாது. அங்கேயே சிமெண்டுல நிக்கணும்."

"என்னவே சொல்லுதீரு? அவரு நிக்க, நாங்க உக்காரணுமா?"

"ஆமா சார். முழுக்க இருட்டற வரைக்கும்."

"உமக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"வெளிச்சம் போய்ட்டிருக்கு சார். கோயில் தெரியாமப் போனா சரி பண்ணவே முடியாது. வேற பிலிம் இல்ல."

எங்கள் பேச்சு புரியாவிட்டாலும் ராவுக்குக் காரியம் கெட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது. படம் கெட்டுப்போனதென்றால் சொல்லிவிடலாமே, எல்லோரும் கீழே போகலாம் என்றார் ஆங்கிலத்தில், எம்.டி. காதில் விழும்படியாக. எனக்குப் பேச மூச்சு இல்லை. முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்குள் விசில் சத்தம் வெளியே கேட்டது. ஆறுமுகம் சார் என்னைப் பார்த்தார்.

பிறகு எம்.டி. பக்கம் திரும்பினார். செருப்பு தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்ற இடத்திலிருந்தே, தன் திருநெல்வேலி ஆங்கிலத்தில், "சார், யூ ப்ளீஸ் ஸ்டாண்ட் தேர். வீ வில் சிட்" என்றார்.

ஆறுமுகம் சார் பின்வரிசையில் தன் நாற்காலிக்குப் போனார். எம்.டி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல், "எல்லாரும் உக்காருங்க" என்றார். ஒரு ஃபோர்மேன் உட்கார்ந்தார். அப்புறம் இன்னொருவர். ஏதோ தப்புக் காரியம் செய்கிற மாதிரி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ராவ் மட்டும் மறுத்துவிட்டார். எம்.டி.யோடு நானும் நிற்கிறேன் என்று சிமெண்டுக்குப் போய்விட்டார்.

அவர் நாற்காலி காலியானால் சாய்வு மாறும். நான் பார்த்தேன், டீ டிரம் கண்ணில் பட்டது. அதை ஃபோர்மேனும் நானும் மெல்ல நகர்த்தி, ராவின் நாற்காலியில் தூக்கி வைத்தோம், ஃபோர்மேன் திரும்பப் போய் உட்கார்ந்தார். துணிக்குள் தலையை விட்டேன். கோயில் உச்சி பென்சில் குறியில் வந்து நின்றது. நிதி மேலாளரும் டீயும் ஏறக்குறைய ஒரே எடைதான் போலிருக்கிறது.

பிலிமைத் திரும்பச் செருகிவிட்டுக் காத்திருந்தோம். இருட்டு அன்றைக்கென்று நிதானமாக வந்தது. எல்லோர் பிடரியிலும் வியர்வை. பின்னால் எம்.டி. நிற்கிறார், திரும்பவும் முடியாது, எழவும் முடியாது. ஒருவர் இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டேங்க் பண்டில் விளக்குகள் எரிந்தன. அக்கரையில் வீடுகளிலும் எரிந்தன. எங்கள் நியானைக் காணோம். விடுதிக் காவலாளி சாப்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஆறுமுகம், ஹௌ லாங்?" என்று பின்னாலிருந்து எம்.டி.யின் குரல் வந்தது.

"டோன்ட் நோ சார். ப்ளீஸ் டோன்ட் வாக் சார்" என்றார் ஆறுமுகம் சார், ஏரியைப் பார்த்தபடியே.

கடைசியில் நியான் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. லென்ஸைத் திறந்தேன். மனசுக்குள் எண்ணி மூடினேன். "ஆச்சு சார்" என்றதும் எல்லோரும் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி எழுந்தார்கள். எம்.டி. பொதுவாக ஒரு குட் நைட் சொல்லிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனார். ராவும் கூடவே போனார். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

பம்பாயிலிருந்து படம் வந்தது. செம்பு வானம், அதன் கீழே கறுப்பு மலை, ஒவ்வொரு விளக்கும் அதனதன் வீட்டில். எங்கள் பெயர் ஏரியில் தலைகீழாகவும் எரிந்தது. எம்.டி. அதைப் பெரிதாக்கித் தன் அறையில் மாட்டினார், போட்டோ செக்ஷன் இருக்கட்டும் என்று உத்தரவும் போட்டார். நான் ஓய்வு பெறும் வரை அந்த இருட்டறையிலேயே இருந்தேன். முலாம் ஷாப் பக்கம் திரும்பக் கால் வைக்கவில்லை. இன்றைக்கு எழுபது தாண்டியும் மூச்சு விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு அதுதான் காரணம்.

அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஆறுமுகம் சார்தான் வரிசையில் முதல் ஆள். அவர் பெயர் இல்லை. தேர்வுக் குழுவில் ராவ் இருந்தார். மேலதிகாரி முன்னிலையில் நடந்துகொள்ளும் முறை அறியாதவர் என்று அவரைப் பற்றி எழுதியிருந்ததாக டைப் அடித்த அம்மாள் என்னிடம் சொன்னார். போனில்கூட எழுந்து நின்றவரைப் பற்றி! எம்.டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலைமை மாறியிருக்கும். அவர் சொல்லவில்லை. அறைச் சுவரில் படம் மட்டும் அழகாகத் தொங்கியது. அடுத்த வருஷமும் பெயர் வரவில்லை. ஆறுமுகம் சார் அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

பட்டியல் வந்த அன்று மனசு கேட்காமல் அவர் அறைக்குப் போனேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார், என்னாலதான் உங்களுக்கு..."

"உம்மாலயா? நீரு யாருவே என் புரமோஷனக் கெடுக்க? அவ்வளவு பெரிய ஆளா நீரு?"

"அன்னிக்கு நீங்க எனக்காக உக்காரலன்னா..."

"உமக்காகவா?" டம்ளரை மேசையில் வைத்தார். முகத்தில் நிஜமாகவே கோபம். "கோட்டி மாதிரிப் பேசாதீரும். எனக்குக் கால் வலிச்சுது, உக்காந்தேன். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வாரீரு. வேலை கெடக்கு, போம்."

நன்றி சொல்லக்கூட விடாத மனுஷரை என்ன செய்ய முடியும்? வந்த ஆத்திரத்தில் இருட்டறைக்குத் திரும்பினேன். கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதேன்.